மலை சூழ் நகரும் மழலையர் நலமும்

கண்டி மாநகரைக் கண்டோர் அதன் எழிலைப் பாராட்டாது செல்வதில்லை. ஒருபுறம் ஹந்தானை மலைத்தொடர். மற்றொருபுறம் உடவத்தைக்கலைக் காடு. ஊரை வளைத்தோடும் மகாவலி கங்கை. நடுவே கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை மறித்து அமைத்த வாவி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், வெப்பமும் குளிரும் மிகாது அமைந்த ஊர் இது. இத்தகைய ஊரில் வளரும் சிறுவருக்கு நோய் ஏது என்று எண்ணுதல் இயல்பே. ஆயின், இவ்வூரின் எழிலுக்குக் காரணமான அதே மலைகளும், அதே ஆறும், அதே மழையும் நாம் கவனம் தளர்ந்தவிடத்துச் சிறுவரின் உடல்நலத்துக்கு ஊறு செய்வனவாகவும் மாறுகின்றன. விழா மலரில் சென்ற காலத்தின் பெருமைகளை எடுத்துரைத்தல் மரபு. வருங்காலத்தைத் தாங்கவுள்ள சிறுவரின் நலத்தைப் பற்றி ஆராய்வதும் அம்மரபுக்கு முரணாகாது என்று கருதி இக்கட்டுரையை வரையலானோம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல் என ஒரு முறையை வகுத்துள்ளார். அம்முறையையே நாமும் பின்பற்றுவோம்.

சிறுவர் உடலின் இயல்பு

சிறுவன் ஒருவன் பெரியவனின் சிற்றுரு அல்லன். இதனை முதற்கண் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஓய்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுவர். பிறந்த குழந்தையோ 30 முதல் 60 தடவை வரை மூச்சு விடும். எனவே உடல் எடையோடு ஒப்பிட்டு நோக்கின், பெரியவரினும் மிகுதியான காற்றைக் குழந்தை உட்கொள்கின்றது. அக்காற்று மாசுடையதாயின் மாசும் மிகுதியாகவே உட்புகும். மேலும் சிறுவர் உயரத்தாற் குறைந்தவர். வாகனங்களின் புகைக்குழாய்கள் கக்கும் புகை பெரியவரின் முழங்காலுக்கு எட்டும்போது, கைபிடித்துச் செல்லும் சிறுவனின் முகத்துக்கே எட்டிவிடுகின்றது.

நுரையீரல் பிறக்கும்போதே முழுமை பெற்றிருப்பதில்லை. அதன் நுண்ணிய காற்றறைகள் குழந்தைப் பருவத்தில் பல மடங்கு பெருகுகின்றன. நுரையீரலின் வளர்ச்சி இருபதாம் வயதை அண்மித்தே நிறைவடைகின்றது. வளரும் காலத்தில் ஏற்படும் குறை வாழ்நாள் முழுவதும் நின்றுவிடலாம். ஈயம் போன்ற நஞ்சுகளின் நிலையும் இதுவே. உட்கொண்ட ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது மூளையின் வளர்ச்சியைத் தாக்குவது.

இவற்றுக்கு மேலாக இன்னொரு வேறுபாடு உண்டு. பெரியவர் தாம் வாழும் இடத்தையும் செல்லும் வழியையும் ஓரளவேனும் தாமே தெரிவு செய்கின்றனர். குழந்தைக்கு அத்தெரிவு இல்லை. எந்த வீட்டில் உறங்குவது, எவ்வீதியால் நடப்பது, எந்நீரைப் பருகுவது என்பவற்றை அதற்காகப் பிறரே தீர்மானிக்கின்றனர். ஆகலின் குழந்தையைச் சூழ்ந்த தீங்குக்குப் பொறுப்பு முழுவதும் மூத்தோரையே சாரும்.

முன்னோர் கண்ட ஒரு பாடம்

காலநிலை மாறுபட்டால் சிறுவர் உயிர் எவ்வாறு பலியாகும் என்பதை இலங்கை அறியாததன்று. 1934-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாக நீர் நிறைந்தோடும் தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் ஆங்காங்கே குட்டைகளாக நீர் தேங்கிற்று. வெயில் பட்டுத் தெளிந்து நின்ற அக்குட்டைகளில் மலேரியாக் காய்ச்சலைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1935-இலும் நீடித்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருணாகல் மாவட்டங்கள் மிகக் கொடிதாகத் தாக்குண்டன. மடிந்தோருட் பெருந்தொகையினர் குழந்தைகள். 1935-இல் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் சிசுக்களில் 263 சிசுக்கள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை ஆயிரத்துக்குச் சுமார் பத்து என்னும் அளவினதாக இறங்கியுள்ளது என்பதை ஒப்பிட்டு நோக்கின் அக்காலத் துயரின் ஆழம் விளங்கும்.

இதிலிருந்து நாம் கற்பன இரண்டு. முதலாவது, நோய்க்குக் கருவி நுளம்பாயினும் அதற்கு இடமளித்தது மழையின் பிறழ்ச்சியே என்பது. அதிக மழை மட்டுமன்றி மழையின்மையும் நோய் தரும். இரண்டாவது, வெற்றி பெற்றபின் விழிப்பை விடலாகாது என்பது. பெருமுயற்சியின் பயனாக 1963-இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மாத்திரமே மலேரியா காணப்பட்டது. நோய் ஒழிந்தது எனக் கருதிக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் அந்நோய்க்கு ஆளாயினர். பின்னர் நெடுங்காலம் உழைத்தே, 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்றது. நோயை நாம் வெல்லலாம். ஆயின் வென்ற இடத்தில் காவல் நிற்றல் வேண்டும்.

காற்று

இனிக் கண்டியின் இன்றைய நிலையை நோக்குவோம். நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்ததைப் போன்றது. மேகமற்ற இரவுகளில் மலைச்சரிவுகள் விரைவாகக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனம் மிகுந்து, சரிவு வழியே இறங்கி நகரின் மேல் தங்குகின்றது. அதற்கு மேலே வெப்பமான காற்றுப் படை ஒன்று மூடியைப்போல் நிற்கின்றது. சாதாரணமாகக் கீழ்க்காற்று வெம்மையுற்று மேலெழும்போது புகையும் தூசும் உடன் எழுந்து கலைந்துவிடும். மூடி இருக்கும்வரை அவை எழா. காலை வெயில் ஏறி நிலம் சூடாகிய பின்னரே மூடி விலகும்.

பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. பஸ் வண்டிகளும், பாடசாலை வான்களும், முச்சக்கர வண்டிகளும் நகருள் நெருக்கித் திரளும் நேரம் அதற்கு முந்திய ஒரு மணித்தியாலம். கிண்ணத்தின் மூடி இன்னும் திறவாத நேரமும் அதுவே. புகை மிகவும் உண்டாகும் வேளையும், புகை கலைய வழியில்லாத வேளையும், பல்லாயிரம் சிறுவர் வீதியில் நிற்கும் வேளையும் ஒன்றாக அமைந்துவிட்டன. 1998 ஜனவரியில் தலதா மாளிகைக்கு அருகே நிகழ்ந்த குண்டு வெடிப்பின் பின்னர் மாளிகை முன்றில் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டமையால், வாவியைச் சுற்றிய ஏனைய வீதிகளில் நெருக்கடி மேலும் இறுகியது.

கண்டியின் காற்று மாசு வெறும் ஐயமன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் ஒலிவர் இலெப்பெரும போன்றோர் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்து எடுத்துரைத்துள்ளனர். கண்டியின் நகரப் பகுதி, நகர்ப்புற எல்லை, கிராமப் பகுதி ஆகிய மூன்றிலும் காற்றிலுள்ள துகள்களையும் அவற்றில் ஒட்டியுள்ள புற்றுநோய் விளைக்கக்கூடிய சேர்வைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. நகரப் பகுதியே மிகுதியான மாசுடையதென அது காட்டிற்று. மிகக் கொடியவை, விட்டத்தில் 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள்கள். அவை மூக்கின் மயிர்களாலும் தொண்டையின் சளியாலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் அடிவரை செல்வன. ஒரு கன மீற்றர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது. இலங்கை 2008-இல் விதித்த எல்லையோ 25 மைக்ரோகிராம். நமது எல்லைக்குள் நின்றாலும் அறிவியல் வகுத்த எல்லைக்கு ஐந்து மடங்கு வரை செல்லலாம் என்பது இதன் பொருள்.

இலண்டன் நகரில் 1952 டிசம்பரில் இத்தகைய மூடி ஒன்று ஐந்து நாள் நகர்மேற் கவிந்து நின்றது. நிலக்கரிப் புகை அதனுள் அகப்பட, சில கிழமைகளில் நாலாயிரம் பேர் மாண்டனர் என அக்காலத்திற் கணித்தனர். பிற்கால ஆய்வாளர் பன்னீராயிரம் வரை கூறுவர். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அதே நகரில் பெருவீதி ஒன்றின் அருகே வசித்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2013-இல் தொய்வு நோயால் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

இனி நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரமும் நமது ஊரைப்போல் மலைகளால் வளைக்கப்பட்டதே. அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 11 வயது முதல் 15 வயது வரையான சிறுவரின் நுரையீரல் வளர்ச்சியை மூன்று வெவ்வேறு காலப்பகுதிகளில் அளந்தனர். 1990-களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுச் சிறுவர் 15 வயதில் குறைந்த நுரையீரல் ஆற்றல் உடையராயிருந்தனர். சட்டங்களால் காற்றுத் தூய்மையுற்ற பின்னர், 2011 அளவில் அத்தொகை நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. மலைகளை அவர்கள் அகற்றவில்லை, புகையையே குறைத்தனர். நமது நாடும் 2002-இல் ஈயம் கலந்த பெற்றோலை ஒழித்தது. எனவே இயலாதென்று சொல்லுதற்கு இடமில்லை.

அயல்நாட்டுப் புகையும் கடல் கடந்து வருதலுண்டு. 2022 டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த மாசுக் காற்றால் நிலைமை கெட்டபோது, அம்மாதம் 9-ஆம் நாள் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு நாள் வந்த புகைக்குப் பாடசாலையை மூடினோம். நாள்தோறும் நாமே உண்டாக்கும் புகைக்கு என் செய்தோம் என்று சிந்தித்தல் தகும்.

வீட்டினுள் எழும் புகையையும் மறத்தலாகாது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் வீடுகளிலும் கிராமத்து வீடுகளிலும் விறகடுப்பின் அருகே தாயும் இடுப்புக் குழந்தையும் பல மணிநேரம் இருக்கின்றனர். புகைபோக்கி இல்லாத சிறு அறையில் எழும் புகை பெருவீதிப் புகையினும் கொடிதாதல் கூடும்.

நீர்

வாவியிலிருந்து வழியும் நீரைக் கொண்டு நகரின் ஊடே சென்று மகாவலியிற் சேரும் கால்வாயை மெத எல என்பர். வீடுகள், கடைகள், விடுதிகள் என்பவற்றின் கழிவு நெடுங்காலமாக அதனுள்ளே விடப்பட்டு வந்தது. நகரத்துக் குப்பை குவிக்கப்பட்ட கொஹாகொடையும் மகாவலிக்கு அணித்தானதே. வாவியின் நிலையும் எச்சரிக்கை தருவது. 1999-இல் அதன் நீர் முழுதும் நச்சுத்தன்மை கொள்ளவல்ல நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. கழிவில் உள்ள உரச்சத்து மிகுந்தமையே அதற்குக் காரணம்.

ஆற்றின் மேற்பகுதியார் விடும் கழிவு கீழ்ப்பகுதியார் பருகும் நீராகின்றது. 2007-இல் கம்பளையில் செங்கமாரி பரவியமை இப்பகுதி மக்கள் நினைவில் உள்ளது. செங்கமாரி, வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் ஆகிய நோய்கள் மலத்தால் மாசுற்ற நீரால் வருவன. பெரியவருக்கு இரண்டு நாள் அலுப்பாக முடியும் வயிற்றோட்டம் சிறு குழந்தையின் உடலிலுள்ள நீரை விரைவில் வற்றச் செய்து உயிருக்கே ஏதமாகும். பெருமழைக்குப் பின் ஆற்றுநீர் சேறாகக் கலங்கும்போது, குளோரீன் இட்டாலும் சேற்றுத் துகள்களுள் மறைந்த கிருமிகள் தப்பிவிடும். ஆகையால் அக்காலத்தில் நீரைத் தெளியவைத்துக் கொதிக்கவைத்தே பருகக் கொடுத்தல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி இறைத்து, குளோரீன் இட்ட பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

நுளம்பு

மலேரியா நீங்கிற்றாயினும் நுளம்பு நீங்கவில்லை. டெங்கு என்னும் நோய் இலங்கையில் உண்டு என்பது 1962-இல் இரத்தப் பரிசோதனையால் உறுதியாயிற்று. 2017-இல் ஓராண்டிற்குள் 1,86,000-க்கு மேற்பட்டோர் நாடெங்கும் இதற்கு ஆளாயினர். கண்டி மாவட்டம் மிகுதியாகப் பாதிக்கப்படும் மாவட்டங்களுள் ஒன்று.

மலேரியா நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடுவது, இரவிற் கடிப்பது. டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்போ வீட்டைச் சுற்றிய சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய டயர், கூரைப்பீலி ஆகியவற்றில் தங்கும் தெளிந்த நீரை நாடுவது, பகலிற் கடிப்பது. அதிலும் காலையிலும் பிற்பகலிலுமே மிகுதி. அதாவது மாணாக்கர் வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் இருக்கும் வேளையே அதன் வேட்டை வேளை. எனவே டெங்குத் தடுப்பு வீட்டுக்கு மட்டும் உரிய கடனன்று, பாடசாலைக்கும் உரியது. முட்டையிலிருந்து நுளம்பு பறக்கும்வரை ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் செல்லும். ஆதலால் கிழமைக்கு ஒருமுறை தவறாது நீர் தங்குமிடங்களைக் கவிழ்த்துத் துப்புரவாக்கினால் ஒரு தலைமுறை நுளம்பும் பறவாது. எட்டாம் நாள் செய்யும் பணி வீணாதல் கூடும். வெப்பம் மிகுந்தால் நுளம்பும் விரைவில் வளரும். அதன் உடலினுள் வைரசும் விரைவில் முதிரும். குளிர்ச்சியே காவலாக இருந்த மலையூர்கள் வெப்பம் ஏற ஏற அக்காவலை இழந்து வருகின்றன.

காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பரசிற்றமோல் ஒன்றையே உரிய அளவிற் கொடுக்கலாம். அஸ்பிரின், ஐபுபுரோபன், டிக்ளோபெனாக் முதலியன இரத்தக் கசிவை மிகுவிக்குமாதலால் கொடுத்தலாகாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் அவசியம். காய்ச்சல் தணிந்தவுடன் நோய் நீங்கிற்றென மகிழ்தல் பேதைமை. டெங்குவில் அபாயம் தொடங்கும் வேளை பெரும்பாலும் அதுவே. வயிற்று நோவு, தொடர்ந்த வாந்தி, கைகால் சில்லிடல், சிறுநீர் குறைதல், சோர்ந்து உறங்கல் என்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மலைச்சரிவு

காற்று ஒரு பாகை வெப்பம் கூடினால் நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய நிலையிலும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கூடியதாக அமைந்தது. முகில் சுமக்கும் நீர் பெருகவே, பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது. உலகை வெப்பமாக்கும் வாயுக்களில் இலங்கை வெளியிடும் பங்கு மிகச் சிறிது. அதனால் வரும் துன்பத்தில் இலங்கைச் சிறுவர் பெறும் பங்கோ சிறிதன்று.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இதனைக் கண்ணீரோடு உணர்த்திற்று. நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழப்பு மிகுந்தது நமது கண்டி மாவட்டத்திலேயே. காற்றால் மாண்டோரைவிட மண்சரிவிலும் வெள்ளத்திலும் மாண்டோரே பலர். கம்பளை நகரை மகாவலி மூழ்கடித்தது.

அதற்கு முன், 2014 அக்டோபர் 29-ஆம் நாட்காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அறிவிப்பும் இருந்தது, ஆயின் பெயர்ந்து செல்ல வேறு நிலம் அம்மக்களுக்கு இருக்கவில்லை. தாம் வாழும் மண்ணின்மேல் உரிமைப் பத்திரம் இல்லாத தோட்டக் குடும்பங்கள் இன்றும் பல. செல்ல இடமளிக்காத எச்சரிக்கை அரைக் காவலேயாகும். பாதுகாப்பான நிலமும் உறுதியான வீடும் சிறுவர் சுகாதாரத்தின் பகுதியென்றே நாம் கொள்ளல் வேண்டும்.

இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரைக் கடந்தால் ஆயத்தம், 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ ஒரே மணியில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேற்றம் என அந்நிறுவனம் பொது அளவுகளை வகுத்துள்ளது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாகத் தோன்றும் ஊற்று, திடீரெனக் கலங்கும் ஓடை, மூட இயலாது இறுகும் கதவு ஆகியன சரிவு அணித்தென்பதற்கு அடையாளங்கள். இவற்றை ஒவ்வொரு மலையகச் சிறுவனும் வாய்பாட்டைப்போல் அறிந்திருத்தல் நலம்.

செய்யத்தக்கன

இதுகாறும் நோயையும் காரணத்தையும் கண்டோம். இனி வழியைக் காண்போம். ஈண்டு ஒரு முரண்பாட்டை முதலில் எடுத்துரைத்தல் வேண்டும். தம் பிள்ளை வீதிப் புகையில் நில்லாதிருக்கவேண்டும் என்னும் அன்பினால் ஒரு தந்தை தனிமோட்டார் வண்டியில் அதனைக் கொண்டு செல்கின்றார். அவர் அன்பைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயின் அவ்வாறே ஆயிரம் தந்தையர் செய்யும்போது, அவ்வாயிரம் வண்டிகளின் புகையை எல்லாப் பிள்ளைகளும், வண்டியினுள் இருக்கும் அவர்தம் பிள்ளைகளுமே, சுவாசிக்கின்றனர். பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் ஏழையின் பிள்ளை மிகுதியாகச் சுவாசிக்கின்றது. தன் பிள்ளையை மட்டும் காக்க எண்ணுவோன் தன் பிள்ளையையும் முழுதாகக் காத்தலரிது என்பதே கிண்ணம் போன்ற இந்நகர் கற்பிக்கும் பாடம். காற்றுக்கு வேலி இல்லை, ஆற்றுக்கும் இல்லை, நுளம்புக்கும் இல்லை.

ஆதலின் முதலாவது, பலர் கூடிச் செல்லும் பாடசாலைப் பஸ் சேவையைப் பெருக்குமாறு பெற்றோரும் பழைய மாணவரும் ஒருங்கே கேட்டல் வேண்டும். ‘சிசு செரிய’ என்னும் அரசாங்கச் சேவை இதற்கு முன்மாதிரியாக உள்ளது. அண்டை வீட்டார் ஒரே வண்டியிற் பிள்ளைகளை அனுப்புதலும் நன்று. பாடசாலை வாயிலில் நிற்கும் வண்டிகள் இயந்திரத்தை நிறுத்தல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. வறண்ட மாதங்களின் விடியற்காலையில், பெருவீதியை ஒட்டிய திடலில் ஓட்டப் பயிற்சி நடத்துதலைத் தவிர்த்துப் பிற்பகலுக்கு மாற்றலாம்.

இரண்டாவது, கிழமைதோறும் ஒரே நாளில் ஒரே மணியில் பாடசாலை வளவு முழுவதையும் நுளம்பு தேடிச் சோதித்தல். இதனை மாணாக்கருக்கு விஞ்ஞான பாடமாக்கலாம். குடம்பியைக் கண்ணாடிக் குவளையில் ஒருமுறை கண்ட சிறுவன் வீட்டில் சிரட்டையைக் கவிழ்க்க மறவான்.

மூன்றாவது, பாடசாலையில் பருகத்தக்க நீரும் தூய்மையான மலசலகூடமும் உறுதிசெய்தல். மலசலகூடம் செல்ல அஞ்சிப் பகல் முழுவதும் நீர் பருகாதிருக்கும் மாணவியர் உளர். வெப்ப நாட்களில் இது உடலுக்கு இரட்டைக் கேடாகும்.

நான்காவது, மழைமானி ஒன்றைப் பாடசாலையில் வைத்து நாள்தோறும் அளந்து பலகையில் எழுதுதல். நேரான பக்கமுள்ள போத்தலும் அளவுகோலும் இருந்தாற் போதும். அவ்வெண்ணை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பிள்ளை தன் குடும்பத்துக்குக் காவலன் ஆகின்றான்.

ஐந்தாவது, நமது சங்கத்தில் வைத்தியரும், பொறியியலாளரும், சட்டத்தரணிகளும், ஆசிரியரும், வணிகரும் உளர். தோட்டத்து அடுப்புக்குப் புகைபோக்கி அமைத்தல், கூரைப்பீலி திருத்தல், பாடசாலைக்கு அருகிலுள்ள சரிவைச் சோதிப்பித்தல், மாநகர சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் முறையாக எழுதி மறுமொழி பெறுதல் ஆகியவற்றுள் ஒவ்வொருவரும் தம் தொழிலுக்கு ஏற்ற ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம்.

இவை வெறும் தருமமும் அல்ல. இலங்கை 1991-இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்துக்கு விளக்கமாக, தூய்மையான, நலமான சுற்றாடல் சிறுவரின் உரிமையே என 2023-இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழு வெளியிட்ட பொதுக் கருத்துரை கூறுகின்றது. பிள்ளை கேட்கும் முன்னரே அவ்வுரிமையை அளிப்பது மூத்தோர் கடன்.

விழா முடிந்தபின் தோரணங்கள் அகற்றப்படும். கட்டிய மண்டபங்களும் காலத்தாற் பழுதுறும். வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்து மூச்சு முட்டாமல் பாடம் கேட்கும் ஒரு சிறுவன், இக்கல்லூரி தனது மூத்த மாணவரிடமிருந்து பெறக்கூடிய நிலையான கொடையாவான். வரும் கிழமையே, வளவிலுள்ள கூரைப்பீலிகளை ஏறிப் பார்த்து இப்பணியைத் தொடங்குவோமாக.